ஓரோ பிரேட்டோவின் பழைய கோவில்கள்: தங்கத்தின் வரிசையில் இரண்டு நாள் நடை

பிரேசிலின் ஓரோ பிரேட்டோவில் பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தக் கோவிலை (கத்தோலிக்கத் தேவாலயங்களைத்தான் கோவில் என்கிறேன்) முதலில் பார்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் அசிசி பிரான்சிஸ் கோவிலுக்குத்தான் கை காட்டுவார்கள். ஊரின் நடுச் சதுக்கத்திலிருந்து இரண்டு நிமிஷ நடை, அழகில் அதற்கு ஈடு கிடையாது. ஆனாலும் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. இந்த ஊரின் கோவில்களைத் தங்கம் வந்து பெருகி வற்றிய வரிசையில் பார்த்தால், ஒவ்வொரு கோவிலும் அடுத்த கோவிலுக்கு விளக்கமாக அமையும். வரைபடத்தில் எது பக்கம் என்று பார்த்துப் போனால் மதியத்துக்குள் எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். நல்லவேளையாக, தங்கத்தின் வரிசையும் நடப்பதற்கு வசதியான வரிசையும் இங்கே ஏறக்குறைய ஒன்றுதான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

பிரேசிலின் மீனாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், பெலோ ஒரிசோன்ட்டே நகரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்துக்குமேல் 1,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் மலை மடிப்புகளுக்குள் இருக்கிறது இந்த ஊர். 1690களின் கடைசியில், திரிபுயி என்ற ஓடையில் தண்ணீர் மொள்ள மரக்கிண்ணத்தை விட்ட ஒருவனுக்குக் கரிய மணிகள் சில கிடைத்தன என்று கதை. கறுப்பைச் சுரண்டினால் உள்ளே தங்கம். ஓரோ பிரேட்டோ என்றால் கருந்தங்கம். 1698 ஜூன் 24, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, அன்டோனியோ தியாஸ் என்பவரின் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியது. 1711இல் இது விலா ரிக்கா, அதாவது செல்வ நகரம், என்ற பெயரில் ஊராட்சி பெற்றது. 1720களில் மாநிலத் தலைநகரமும் ஆனது.

தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு போர்த்துகல் அரசனுக்கு வரி. 1730களிலும் 40களிலும் உச்சத்தில் இருந்த தங்கம், 1760களுக்குப் பிறகு விறுவிறுவென்று குறைந்தது. 1897இல் தலைநகரம் புதிதாகக் கட்டிய பெலோ ஒரிசோன்ட்டேக்குப் போய்விட்டது. பணமும் போய், அதிகாரமும் போன ஊரில் எதையும் இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதியில்லை. அதனால்தான் எல்லாம் அப்படியே நிற்கிறது. 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிரேசிலில் முதன்முதலில் அந்தப் பட்டியலில் ஏறிய இடம் இதுதான்.

இன்னொரு விஷயம் தெரியாமல் இங்கே ஒரு கோவிலையும் புரிந்துகொள்ள முடியாது. மீனாஸில் துறவற சபைகள் குடியேறக் கூடாது என்று அரசன் தடை போட்டிருந்தான். சாமியார்கள் தங்கம் கடத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உள்ளீடற்ற மரச் சொரூபங்களுக்குள் தங்கத்தூள் வைத்துக் கடத்தினார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. வேஷக்காரனைப் பிரேசிலில் 'பொள்ளல் மரத்துப் புனிதன்' என்றே சொல்வார்கள். துறவிகள் இல்லாத ஊரில் கோவில் கட்டியது யார்? ஊர்க்காரர்களே சேர்ந்து அமைத்த சகோதர சபைகள். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களுக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, பிரேசிலிலேயே பிறந்த கறுப்பர்களுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களுக்கு ஒன்று என்று தனித்தனி. சந்தா கட்டினால் நோயில் உதவி, இறந்தால் கோவிலுக்குள்ளேயே குழி. ஆகவே ஒவ்வொரு கோவில் வாசலிலும் நின்று, இது யாருடைய கோவில் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். கட்டடக் கலையெல்லாம் அப்புறம்.

கிளம்புவதற்கு முன்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசாவைவிட முக்கியமான காகிதம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். பிரேசிலிலிருந்து திரும்பி வரும்போது அது கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மீனாஸ் ஜெராயிஸிலேயே அந்தக் காய்ச்சல் வரும் வாய்ப்பும் உண்டு, ஆகவே இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும்.

மாதம்: மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. மழை குறைவு, வானம் தெளிவு. ஜூன், ஜூலையில் ராத்திரி குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொட்டும் மழை. கார்னிவல் நாட்களில் ஊர் முழுக்க மாணவர் கூட்டம் நிரம்பி வழியும், கோவில் பார்க்க அது நேரமில்லை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிழமை: திங்கட்கிழமை ஊருக்குள் வந்து சேரும்படி திட்டம் போடுங்கள், கோவில் பார்க்கும்படி போடாதீர்கள். பெரும்பாலான கோவில்கள் அன்றைக்குப் பூட்டு. மற்ற நாட்களிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடுவார்கள், சாயங்காலம் ஐந்துக்குள் திரும்பவும் மூடிவிடுவார்கள். நேரம் கோவிலுக்குக் கோவில் மாறும். அதனால் முந்தின நாள் சாயங்காலம் ஒரு நடை போய் வாசல் பலகைகளைப் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். பெரிய கோவில்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைவுக் கட்டணம் உண்டு. சில்லறையாக ரியால் நோட்டுகள் வைத்திருங்கள். பூசை நேரத்தில் யாரும் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் அப்போது சுற்றிப் பார்ப்பது மரியாதை இல்லை. உட்கார்ந்து பூசை காணுங்கள்.

காலணி: இது சாதாரண விஷயம் இல்லை. ஊரில் சமதரை என்பதே நடுச் சதுக்கம் ஒன்றுதான். மற்றதெல்லாம் செங்குத்தான கல் பாவிய தெருக்கள், முந்நூறு வருஷமாகத் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும் கற்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும். நன்றாகப் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்துக்கெல்லாம் டாக்ஸி எடுத்து, இறக்கத்தை மட்டும் மெதுவாக நடக்கலாம். கோவிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தொப்பியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான கோவில்களுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. எடுக்காமல் இருப்பது நல்லதுதான், கண் கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும்.

பாஷை: ஆங்கிலம் அதிகம் செல்லாது, பயப்படத் தேவையில்லை. போர்த்துக்கீசியரிடம் நாம் வாங்கிக்கொண்ட வார்த்தைகள் இங்கே கை கொடுக்கும். மேசைக்கு மேசா, ஜன்னலுக்கு ஜனேலா, நம் கடற்கரை ஊர்களில் சொல்லும் குருசுக்குக் குரூஸ். மூடிக் கிடக்கும் ஒரு சிறு கோவில் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பூட்டைக் காட்டி 'ஷாவி?' என்று கேட்டேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று உடனே கை காட்டினார். ஷாவிதான் நம் சாவி. கூடவே இரண்டு சொல்: அபெர்த்தா என்றால் திறந்திருக்கிறது, ஃபெஷாதா என்றால் மூடியிருக்கிறது.

போய்ச் சேரும் வழி

பெலோ ஒரிசோன்ட்டே பஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். ரியோவிலிருந்து ஏழெட்டு மணி நேரம் ஆகும், ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடிகாலையில் இறங்கலாம். தங்குவதற்கு ஊரின் நடுச் சதுக்கமான திராதெந்தஸ் சதுக்கத்தை ஒட்டிய இடமாகப் பாருங்கள். ஊர் இரண்டு பங்காக, அதாவது ஆளுக்கொரு தாய்க்கோவில் உள்ள இரண்டு பகுதிகளாக, பிரிந்து கிடக்கிறது. சதுக்கத்துக்குக் கிழக்கே அன்டோனியோ தியாஸ் பங்கு, மேற்கே பிலார் பங்கு. ஆதியில் இரண்டும் தனித்தனிச் சுரங்க முகாம்கள், இன்றைக்கும் இரண்டுக்கும் செல்லச் சண்டை உண்டு. கிழக்கத்தியாருக்கு ஜக்கூபா என்றும் மேற்கத்தியாருக்கு மொக்கொத்தோ என்றும் பட்டப்பெயர், இரண்டுமே சாப்பாட்டின் பெயர்கள். புனித வாரத்தை எடுத்து நடத்துவதுகூட ஒரு வருஷம் ஒரு பங்கு, மறு வருஷம் மறு பங்கு.

முதல் நாள்: கிழக்குப் பக்கம்

காலையில் டாக்ஸி பிடித்து நேராகப் பாத்ரே ஃபாரியா சிற்றாலயத்துக்குப் போங்கள். ஊரின் ஆகப் பழைய ஆலயங்களில் ஒன்று, 1700களின் முதல் பத்தாண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண வீட்டைப் போலத்தான் இருக்கும். முன்னால் மூன்று குறுக்குக் கட்டைகள் உள்ள கல் குருசு ஒன்று நிற்கிறது. பக்கத்தில் தனியாக நிற்கும் மணிக்கூண்டைப் பாருங்கள். 1792 ஏப்ரல் 21 அன்று, போர்த்துகல் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாக திராதெந்தஸ் என்ற ஜோவாக்கிம் ஜோசே த சில்வா ஷாவியேரை ரியோவில் தூக்கிலிட்டார்கள். அவருக்காகத் துக்க மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அதை மீறி அடித்தது இந்த மணிதான் என்பது ஊரின் நம்பிக்கை. 1960இல் அதே ஏப்ரல் 21 அன்று, புதிய தலைநகரம் பிரசீலியாவின் திறப்பு விழாவில் அடிக்க இந்த மணியைத்தான் கொண்டுபோனார்கள்.

இங்கிருந்து மேடேறினால் சாந்தா எஃபிஜேனியா கோவில். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், நின்று நின்று ஏறுங்கள். நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இது. கட்டியவர்கள் செபமாலை மாதாவின் கறுப்பர் சபையினர். 1733 வாக்கில் ஆரம்பித்து 1785 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டினார்கள். காரணம் எளிது: அடிமைகளும் விடுதலை பெற்ற சிலரும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. ஊரையே பார்த்தபடி குன்றின் உச்சியில் நிற்கிறது. பகலெல்லாம் பூமிக்குள் குனிந்து வேலை செய்தவர்கள் தங்கள் கோவிலுக்கு இந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உள்ளே பீடங்களில் நிற்கும் புனிதர்களைக் கவனியுங்கள். எத்தியோப்பிய அரசகுலப் பெண்ணாகச் சொல்லப்படும் எஃபிஜேனியா, சிசிலியில் பிறந்த ஆப்பிரிக்கர் பெனடிக்ட் என்று கறுப்பினப் புனிதர்கள். கூரை ஓவியத்தில் கறுப்பினத்தவரான ஒரு போப்பாண்டவர் இருக்கிறார். மரச் செதுக்கலில் கொடிகளுக்கும் தேவதூதர்களுக்கும் நடுவே சோழிகள் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் சோழிதான் பணம். வழிகாட்டி சுட்டிக் காட்டும் வரை எனக்கு அவை அலங்கார வளைவுகளாகத்தான் தெரிந்தன. தெரிந்த பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

இந்தக் கோவிலோடு சேர்த்துச் சொல்லப்படுவது ஷீக்கோ ரெய் கதை. காங்கோவில் அரசனாக இருந்தவன் குடும்பத்தோடு பிடிபட்டு இங்கே சுரங்கத்தில் அடிமையானான். ஓய்வு நாட்களில் உழைத்துத் தன் மகனுக்கு விடுதலை வாங்கினான், பிறகு தனக்கு, பிறகு தன் மக்களுக்கு ஒவ்வொருவராக. கடைசியில் ஒரு சுரங்கத்தையே வாங்கினான். பெண்கள் தலைமுடியில் தங்கத்தூளை மறைத்துக்கொண்டு வந்து கோவில் தொட்டியில் தலையை அலசுவார்களாம், அந்தத் தூளில்தான் கோவில் எழுந்ததாம். எழுத்தில் இந்தக் கதை முதலில் வருவது 1904இல் ஒரு வரலாற்று நூலின் அடிக்குறிப்பில், பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணம் எதிலும் இல்லை. ஆனால் விடுதலையைக் காசு கொடுத்து வாங்கியதும், சபைகள் அதற்கு உதவியதும், சபைக்கென்று ராஜா ராணி தேர்ந்தெடுத்து முடி சூட்டியதும் நடந்தவைதான். அந்த முடிசூட்டு மரபு கொங்காதோ என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜனவரியில் போனால் மேளங்களோடு கூட்டம் கூட்டமாக இந்தக் குன்றேறி வருவதைக் காணலாம்.

கோவிலை விட்டு இறங்கும் தெரு ஊரின் மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்று. மெதுவாக இறங்கி அன்டோனியோ தியாஸ் பகுதிக்கு வாருங்கள். ஷீக்கோ ரெய்யின் பெயரில் சொல்லப்படும் சுரங்கம் இங்கேதான், ஒரு வீட்டுக் கொல்லைப் பக்கமாக நுழைவாயில். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போகலாம். பல இடங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும், உளி பட்ட தடங்கள் கைக்கெட்டும் சுவரில் தெரியும். இடுக்கான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர மற்றவர்கள் அவசியம் போங்கள். நாளைக்குப் பிலார் கோவிலின் தங்கத்தைப் பார்க்கும்போது இந்தச் சுவர் ஞாபகம் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அமலோற்பவ மாதா கோவில். கிழக்குப் பங்கின் தாய்க்கோவில் இது. 1727இல் தொடங்கியது, மனுவெல் ஃபிரான்சிஸ்கோ லிஸ்போவா என்ற போர்த்துக்கீசியக் கட்டடக்காரரின் வேலை. அவருக்கும் ஆப்பிரிக்க அடிமைப் பெண் ஒருவருக்கும் பிறந்த மகன் அன்டோனியோ ஃபிரான்சிஸ்கோ லிஸ்போவா. நாற்பது வயதுக்குப் பிறகு ஏதோ ஒரு கொடிய நோய் அவர் கைகால்களைத் தின்றது. உளியையும் சுத்தியையும் கையோடு சேர்த்துக் கட்டச் சொல்லிச் செதுக்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் அலெஜாதின்யோ, ஊனமுற்றவர் என்று பொருள். பிரேசில் தன் மாபெரும் சிற்பி என்று கொண்டாடுவது அவரைத்தான். 1814இல் இறந்தார். இந்தக் கோவிலுக்குள் ஒரு பக்கப் பீடத்தின் அடியில் அவர் குழி இருக்கிறது.

குழி என்றதும் தரையைப் பாருங்கள். இந்த ஊரின் பல கோவில்களில் தரை முழுக்க நீள்சதுரப் பலகைகளாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்திருக்கும். எல்லாம் கல்லறை மூடிகள். சபைச் சந்தாவுக்குக் கிடைத்த இடம் அதுதான். பீடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பெரிய மனிதர். பெஞ்சுக்கு அடியிலும் எண்கள் தெரியும், தேய்ந்து வழுக்கிப் போன எண்கள். நான் உட்கார்ந்த இடத்தில் 31 என்று இருந்தது.

முதல் நாளுக்கு இது போதும். ராத்திரி ஃபெய்ஜாவ் த்ரொப்பேய்ரோ சாப்பிடுங்கள். பயறும் மரவள்ளி மாவும் பன்றி இறைச்சியும் சேர்த்துக் கிளறியது, கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டு மலைப்பாதையில் போனவர்களின் கட்டுச்சாதம். முட்டை சாப்பிடும் சைவக்காரர்கள் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் பாலாடைக்கட்டி உருண்டையான பாவ் த கேஜோவை நம்பலாம், சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் நாள்: மேற்கே இறங்கி, மறுபடி சதுக்கத்துக்கு

கோவில் திறக்கும் நேரத்துக்கே பிலார் மாதா கோவில் வாசலில் இருங்கள், கூட்டம் வருவதற்குள். பள்ளத்தில், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. வெளியே சொல்லும்படி ஒன்றுமில்லை. கதவைத் தாண்டியதும் கண் கூசும். தரை முதல் கூரை வரை மரச் செதுக்கல், அதன்மேல் தங்கத் தகடு, எங்கே பார்த்தாலும் கொழுகொழு தேவதூதர்கள். 400 கிலோவுக்கு மேல் தங்கம் என்று உள்ளூர்க் கணக்கு. நடுக்கூடம் நாடக அரங்கைப் போலப் பல கோணங்களாக வளைந்திருக்கும். முதன்மைப் பீடச் செதுக்கல் ஃபிரான்சிஸ்கோ ஷாவியேர் த பிரிட்டோவின் கை. அலெஜாதின்யோவின் தலைமுறை இந்த வேலையைப் பார்த்துத்தான் வளர்ந்தது.

1733 மே 24 அன்று நற்கருணையை, அதாவது ஏசுவின் உடலாக வணங்கும் அப்பத்தை, இந்தப் புதுக் கோவிலுக்குக் கொண்டுவந்த பவனி பிரேசில் வரலாற்றிலேயே பேர்போனது. குதிரைகள், ஆட்டக்காரர்கள், வைரமும் தங்கமும் தைத்த உடைகள். அடுத்த ஆண்டே அதைப் பற்றி லிஸ்பனில் புத்தகம் அச்சானது. கோவில் கட்டி முடியும் வரை நற்கருணை எங்கே இருந்தது தெரியுமா? கறுப்பர்களின் ரொசாரியோ ஆலயத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டு பிலாரை விட்டு வெளியே வந்து, நேராக ரொசாரியோவுக்கு நடங்கள்.

ரொசாரியோவின் இப்போதைய கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. சுவரில் ஒரு நேர்கோடு கிடையாது, இரண்டு முட்டை வடிவங்களை ஒட்டவைத்தது போல வளைந்து வளைந்து போகும். இந்த மாதிரிக் கட்டடம் பிரேசிலில் அபூர்வம். ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாருங்கள். பிறகு உள்ளே போனால் வெறுமை. தங்கமில்லை, எளிய பீடங்கள், கறுப்பினப் புனிதர்களின் சொரூபங்கள். பிலாரின் தங்கத்தை வெட்டி எடுத்தவர்களின் கோவில் இது. பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசாமல் கொஞ்ச நேரம் வெளிப்படியில் உட்காரத் தோன்றும். உட்காருங்கள், அவசரமில்லை.

பிறகு சதுக்கத்துக்கு ஏற்றம். வழியில் சாவ் ஜோசே கோவில், அது கலப்பினத்தவர் சபையுடையது. மெர்சேஸ் மாதா பெயரில் ஊரில் இரண்டு கோவில்கள், பிரேசிலில் பிறந்த கறுப்பர்களுடையவை. திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் தேட வேண்டாம்.

மேலே கார்மேல் மாதா கோவில். 1766இல் தொடங்கியது. ஊரின் பணக்கார வெள்ளையர்களின் மூன்றாம் சபையுடையது, அதாவது துறவு பூணாமலே ஒரு துறவற சபையோடு சேர்ந்த இல்லறத்தாரின் சபை. பீடத்தைச் சுற்றிய சுவரில் போர்த்துகலிலிருந்து வந்த நீல ஓடுகள் பதித்திருக்கும். மீனாஸ் முழுவதிலும் கோவிலில் ஓடு இங்கே மட்டும்தான். கப்பலில் வந்து, பிறகு கோவேறு கழுதை முதுகில் வாரக்கணக்காக மலை ஏறி வர வேண்டிய சரக்கு அது. ஓட்டின் நீலத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் வேலை இருக்கிறது. கோவிலை ஒட்டியே ஒராத்தோரியோ அருங்காட்சியகம். வீட்டு ஜெபப் பெட்டிகளின் சேகரிப்பு. துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டிகள் உண்டு, திறந்தால் உள்ளே குட்டி மாதா. கழுதைக்காரர்கள் மடியில் வைத்துக்கொண்டு போனவை. கோவில்கள் அளவுக்கு எனக்கு இந்தப் பெட்டிகளும் பிடிக்கும்.

இப்போது, பிற்பகல் வெயில் சாயும் நேரத்தில், அசிசி பிரான்சிஸ் கோவிலுக்குப் போங்கள்.

இதுவும் 1766தான். தங்கம் குறைய ஆரம்பித்துவிட்ட காலம். பிலாரில் பார்த்த மாதிரித் தங்கத்தை அள்ளி அப்ப இனி முடியாது. வாசலுக்கு மேலே வட்டத்துக்குள் அசிசியார் மண்டியிட்டு, சிலுவையில் ஏசு பட்ட ஐந்து காயங்களைத் தன் உடலில் வாங்குகிறார், சாம்பல் பச்சைக் கல்லில். கல் எது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். நம் மாக்கல்தான். நகத்தால் கீறினால் தடம் விழும் கல், தொட்டால் சோப்பு மாதிரி வழவழப்பு. சுற்றியுள்ள மலைகளிலேயே கிடைப்பது, விலையில்லாதது. அதில்தான் அலெஜாதின்யோ துணி மடிப்பையும் மேகத்தையும் இறகையும் கொண்டுவந்திருக்கிறார். வடிவமைப்பு முழுவதும் அவருடையது. உள்ளே பிரசங்க மேடைகளும் மாக்கல். நோய் தாக்குவதற்கு முன்னால் செதுக்கிய முகப்பு இது, விரல்கள் முழுமையாக இருந்த காலத்தின் நளினம் அதில் தெரியும்.

உள்ளே போய்ப் பெஞ்சில் சாய்ந்து கூரையைப் பாருங்கள். மனுவெல் த கோஸ்தா அத்தாயிதே 1801 முதல் பத்தாண்டுக்கும் மேலாக வரைந்தது. தட்டையான மரக்கூரை பிளந்து வானம் தெரிகிறது. நடுவே மாதா, சுற்றிலும் இசைக்கருவிகளோடு தேவதூதர்கள். மாதாவின் முகம் மாநிறம், உதடு தடித்தது. மீனாஸின் தெருவில் நடக்கும் ஒரு கலப்பினப் பெண்ணின் முகம். அத்தாயிதே தன் துணைவியைப் பார்த்து வரைந்தார் என்று சொல்வார்கள். பிறகு பீடத்தருகே சுவரைப் பாருங்கள். நீல ஓடுகள்! கார்மேல் கோவிலில் பார்த்த அதே நீலம். கிட்டப் போனால் ஓடு இல்லை, மரப்பலகையில் ஓடு மாதிரி வரைந்தது. ஆபிரகாமின் வாழ்க்கைக் காட்சிகள். பார்த்துக்கொண்டு வந்த நேரத்துக்கெல்லாம் இப்போது அர்த்தம் கிடைக்கும். தங்கம் தாராளமாக இருந்தபோது தங்கமே அலங்காரம், அது தீர்ந்தபோது கல்லும் மரமும் சாயமும். ஊரின் ஆகச் சிறந்த கோவில் கைப்பணம் குறைந்த காலத்தில்தான் வந்தது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வெளியே வாருங்கள். இந்தச் சபை 'ரத்தத் தூய்மை' பார்த்து ஆள் சேர்த்த வெள்ளையர் சபை. கலப்பினத்தவரான அலெஜாதின்யோ இதில் உறுப்பினராக முடியாது. அவர் இருந்தது நீங்கள் காலையில் கடந்து வந்த சாவ் ஜோசே சபையில்.

மூன்றாம் நாள் இருந்தால்

12 கிலோமீட்டரில் மரியானா. அங்கே பேராலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் என்ற கைவினைஞரின் பட்டறையில் உருவான ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவி இருக்கிறது, ஜெர்மனியில் செய்து 1753இல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. அத்தாயிதே பிறந்த ஊரும் அதுதான். ஒரே நாள்தான் மிச்சம் என்றால் நான் கொங்கோனியாஸைத் தேர்ந்தெடுப்பேன். அலெஜாதின்யோ 1800 முதல் 1805 வரை, கை சிதைந்த நிலையில், உதவியாளர்களோடு செதுக்கிய பன்னிரண்டு மாக்கல் தீர்க்கதரிசிகள் கோவில் படிக்கட்டில் வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள். அசிசி பிரான்சிஸ் முகப்பின் நளினம் இவர்களிடம் இல்லை. முகங்களில் கோபமும் வலியும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் கல்லில் தெரியும்.

புனித வாரத்தில் போகக் கொடுத்து வைத்தால், பெரிய சனிக்கிழமை ராத்திரி தூங்காதீர்கள். ஊர்க்காரர்கள் கூடித் தெருக்களில் சாயம் ஏற்றிய மரத்தூளால் கோலம் போடுவார்கள். விடிந்ததும் உயிர்ப்புப் பவனி அதன்மேல் நடந்து போகும். மார்கழியில் விடிய விடியக் கோலம் போட்ட கைகளுக்கு அங்கே ஒரு மூலையைக் கேட்டு வாங்கத் தோன்றும், கேட்டால் கொடுப்பார்கள். தங்குமிடத்தை மட்டும் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.

கடைசியாக, அசிசி பிரான்சிஸ் கோவிலுக்கு எதிரே

கோவிலுக்கு முன்னால் உள்ள திடலில் மாக்கல் சந்தை. சொரூபம், சதுரங்கக் காய், பெட்டி எல்லாம் கிடைக்கும், பாதிக்கு மேல் ஒரே அச்சு. அங்கே இருந்தபடியே செதுக்குகிறவர் யாராவது இருந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லைத் தண்ணீரில் நனைத்ததும் சாம்பல் நிறம் கரும்பச்சையாக மாறும்.

வாங்குவதென்றால் சட்டி வாங்குங்கள். செம்புப் பட்டையும் கைப்பிடியும் போட்ட மாக்கல் சட்டி, பனேலா த பேத்ரா என்று கேட்க வேண்டும். அச்சு அசலாக நம் கல்சட்டி. பழக்கும் முறையும் அதேதான்: உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, மிதமான சூட்டில் மெதுவாக ஏற்றி, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும், இரண்டு மூன்று முறை. குளிர்ந்த தண்ணீரைச் சூட்டோடு ஊற்றினால் விரிசல் விடும் என்று விற்ற அம்மா எனக்குச் சைகையிலேயே சொன்னார். சின்ன அளவாக எடுங்கள், நாலு கிலோவுக்கு மேல் போனால் பெட்டியில் வேறெதுவும் வைக்க முடியாது. மூடியைத் தனியாகத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், உடைவது எப்போதும் அதுதான்.